கடுமையாக் கிடக்காம்

வரதராஜா அண்ணை வடை சுட்டால் அந்த மணம் லிட்கம் ஸ்டேஷனுக்குப் போய், பிளாக்டவுன் ரயிலில் டிக்கெட் இல்லாமல் ஏறிவிடும். 1979 ஆகஸ்ட் கடைசியில் ஒரு ஞாயிறு பின்னேரம், அந்த மணத்துக்குள்தான் ஊர்விட்டு வந்து குடியேறிய எங்கள் தமிழ்ச் சங்கத்தின் கலைவிழா நடந்தது. மண்டபம் நூறு பேருக்கு. வந்தது ஐயாயிரம் பேர் என்றுதான் இன்றுவரை சொல்லி வருகிறேன்.

கொழும்பிலிருந்து வரவேண்டிய பாடகருக்கு விசா கிடைக்கவில்லை. அண்ணை தன்னோடு தொழிற்சாலையில் வேலை செய்த இருவரை மேடைக்குப் பிடித்து வந்தார். ஃபரீதூன் தெஹ்ரான்காரன்; கம்பிகளைக் குச்சியால் தட்டும் சந்தூர் வாசிப்பான். ரேப்வார் குர்து மலைநாட்டுக்காரன். பாடிக்கொண்டே தஃப் அடிப்பான். தஃப் என்பது சுளகைவிடப் பெரிய வட்டப் பறை. உள்விளிம்பு முழுக்க இரும்பு வளையங்கள். அவன் அதை ஒருதரம் உலுக்க, என் கடைவாய்ப் பற்கள் எழும்பி இடம் மாறி உட்கார்ந்தன.

ரேப்வாரின் தம்பி ஈரானில், சனந்தஜ் நகரில், பள்ளிக்கூட வாத்தியார். புதிய அரசாங்கத்தின் ஆட்கள் அவனைப் பிடித்துப் போயிருந்தார்கள். பிடித்தவர்களைச் சுட்டுக்கொண்டும் இருந்தார்கள். செய்தி தெரிந்தால் லண்டனில் இருக்கும் தன் மச்சான் கூப்பிடட்டும் என்று, மண்டபத்துக் குசினி டெலிபோன் நம்பரை ரேப்வார் கொடுத்திருந்தான்.

"வீட்டில் இருந்தால் விசர் பிடிக்கும், அதுதான் வாசிக்க வந்தேன்," என்று அண்ணையிடம் ஆங்கிலத்தில் சொன்னான். "எந்தச் செய்தியானாலும் உடனே சொல்லு. பாதிப் பாட்டில் என்றாலும் சொல்லு."

ஃபரீதூன் தனியாக வாசித்துக்கொண்டிருந்தபோது டெலிபோன் அடித்தது. நான் குசினியில் நாற்பதாவது வடையில் இருந்தேன். அண்ணை கேட்டார், கேட்டார், பிறகு மெதுவாக வைத்தார்.

"நேற்றுச் சுட்டுப்போட்டாங்களாம்."

"ஐயோ, ஓடிப்போய்ச் சொல்லுங்கோ," என்றார் அவர் மனைவி சிவனேஸ்வரி.

"மேடையில இருக்கிறவனுக்கு மொட்டையாச் சொல்லுறதோ? கடுமையாக் கிடக்காம் எண்டு சொல்லுவம். விளங்கிக்கொண்டு எழும்பி வருவான்."

"விளங்காட்டி?"

"ஐயா மோசம்போன நேரமும் தந்தி அப்பிடித்தானே வந்தது. ஆருக்கப்பா விளங்கேல்லை?"

உண்மைதான். 'கடுமை' என்று தந்தி வந்தால் எங்கள் வீடுகளில் ஒருவரும் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதில்லை. செத்தவீட்டுக்கு வெள்ளை வேட்டியைத் தேடுவோம்.

அண்ணை மேடையேறி ரேப்வாரின் காதில் சொன்னார்: தம்பி ஆஸ்பத்திரியில், நிலைமை கடுமையாம்.

ரேப்வார் துள்ளி எழும்பினான். இரண்டு மாட்டின் எடையுள்ள அண்ணையைக் கட்டிப்பிடித்துத் தூக்கியே விட்டான். சுடப் போகிறவனை யார் ஆஸ்பத்திரியில் வைப்பார்கள்? தம்பி உயிரோடு இருக்கிறான்! ஃபரீதூனிடம் அவன் மொழியில் கத்தினான். ஃபரீதூன் சந்தூர்க் குச்சிகளைப் போட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்தான். அடுத்த கணம் தஃப் வெடித்தது.

கல்யாண ஆட்டத்துப் பாட்டு. முன்வரிசையில் இருந்த அவனுடைய சிநேகிதர்கள் கைகோத்துத் தோளோடு தோளாக ஆடத் தொடங்க, எங்கள் சனமும் எழும்பியது. மலேசிய சுப்பையா அங்கிள் தோள் சால்வையைச் சுழற்றினார். மண்டபத்துக் கூரை அரை அடி உயர்ந்து திரும்பி இறங்கியது.

"சொல்லுங்கோவன்!" சிவனேஸ்வரி குசினி வாசலில் நின்று கத்தினார்.

"நிப்பாட்டச் சொல்லுறனப்பா, கேக்குதில்லையே!"

மாவு ஒட்டிய கையை அண்ணை ஆட்டினார். அவரும் ஆட வருகிறார் என்று நினைத்து யாரோ அந்தக் கையைப் பிடித்து வட்டத்துக்குள் இழுத்தார்கள். மூன்று பாட்டு. மூன்றுக்கும் அண்ணை சுற்றினார், முகத்தில் இரத்தமே இல்லாமல்.

முடிந்ததும் ரேப்வார் வியர்வை ஒழுகக் குசினிக்கு வந்தான்.

"எந்த ஆஸ்பத்திரி?"

அண்ணை வடைச்சட்டியைப் பார்த்தார். சிவனேஸ்வரிதான் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், இரண்டே சொல்லில் சொன்னார்.

ரேப்வார் ஒன்றைத்தான் கேட்டான்.

"உனக்கு நான் வாசிக்க முதலா தெரியும், பிறகா?"

"முதல்," என்றார் அண்ணை.

அவன் குசினித் தரையில் உட்கார்ந்தான். வளையங்கள் சத்தம் போடாமலிருக்கத் தஃப்பை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தான். உடம்பு நடுங்கியதில் அவை கிலுங்கிக்கொண்டே இருந்தன. உள்ளே சனம் இன்னொரு பாட்டுக் கேட்டுக் காலால் தரையை உதைத்தது.