பதிவு பெற்ற வசவுகள்

தையல்காரி தன் புருஷனைத் திட்டக் கூடாது என்று நீதிமன்றம் தடை போட்ட சேதி வந்தபோது, அவள் வாயில் நான்கு குண்டூசிகள் இருந்தன. நோட்டீஸ் கொண்டுவந்தவன் படித்து முடிக்கும்வரை அவற்றை அவள் எடுக்கவில்லை. எடுத்தால் என்ன வெளியே வரும் என்று அவளுக்கே தெரியாது.

நடந்தது இதுதான். புருஷன்காரர் பூட்டு ரிப்பேர் செய்பவர். எந்தப் பூட்டையும் திறந்துவிடுவார், காலையில் தன் கண்ணை மட்டும் திறக்க மாட்டார். அதற்கு அவள் திட்ட வேண்டும். கல்யாணமான நாள்முதல் அவள் சேர்த்த வசவுகளில் சொத்தை என்று ஒன்றுகூடக் கிடையாது.

போன வருஷம் பாட்டுக் கேட்கவென்று அவர் ஒரு பேசும் பெட்டி வாங்கி வந்தார். பெட்டி ‘சம்மதமா?’ என்று கேட்டு, கீழே பொடி எழுத்தில் ஏதோ நீளமாகக் காட்டியது. படிக்கச் சோம்பல்பட்டு அமுக்கிவிட்டார். அன்றிலிருந்து பெட்டி பாடியது கொஞ்சம், ஒட்டுக் கேட்டது நிறைய. சீக்கிரமே பெட்டி செய்த கம்பெனி அவள் குரலைத் தூக்கத்திலிருந்து எழுப்பும் அலாரமாக விற்றது. திட்ட ஆளில்லாத பிரம்மச்சாரிகள் அதைக் கேட்டு ஆனந்தக் கண்ணீர் விட்டார்கள். எங்கோ ஒரு ராணுவம் முழுக்க அதைக் கேட்டுத்தான் எழுந்தது. கம்பெனி அத்தனை வசவுகளையும் தன் பேரில் பதிவு செய்துகொண்டது. அசல் தெருவில் சும்மா கிடைத்தால் நகலை எவன் வாங்குவான் என்று பிறகு யோசித்து, வழக்கும் போட்டது.

தடை வந்த மறுநாள் அவள் மரியாதையாக எழுப்பிப் பார்த்தாள்.

“என்னங்க, கொஞ்சம் எழுந்திருக்கிறீங்களா?”

அடுத்த வீட்டில் யாரோ பேசுகிறார்கள் என்று நினைத்து அவர் புரண்டு படுத்தார். கடை மத்தியானம்வரை திறக்கவில்லை. சாவியைத் தொலைத்தவர்கள் ஜன்னல் வழியாகத் தங்கள் வீட்டுக்குள் இறங்கினார்கள். அவசரத்தில் சிலர் பக்கத்து வீட்டில் இறங்கி, அங்கேயே சாப்பிட்டுவிட்டும் வந்தார்கள். இப்படியே போனால் பிழைப்பில் மண்தான்.

விசாரணை அன்று கம்பெனி வக்கீலைப் பார்த்ததும் அவள் கண் கோட்டுக்குப் போனது. இடது தோள் இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. இவனிடமா தோற்பது என்று அவளுக்கு வாய் கசந்தது.

“ஐயா, இது எங்க வீட்டுக்குள்ள நான் பேசற பேச்சு. இவங்களுக்கு எப்படிச் சொந்தமாகும்?”

நீதிபதி கண்ணாடியைத் துடைத்தார். “தகவல் பரவணும். அந்தரங்கத்தைக் காக்கணும். பண்பாடு வாழணும். முதல் போட்டவங்களும் நஷ்டப்படக் கூடாது. எல்லாத்தையும் சட்டம் சமமா நிறுத்துப் பாக்கும்மா.”

முதல் மூன்றும் ஒரு தட்டில் ஏறின. மறுதட்டில் கம்பெனியின் முதல் உட்கார்ந்தது, கூடவே நீதிபதியின் கட்டைவிரலும்.

வக்கீலுக்குத் தெம்பு வந்துவிட்டது. “சரக்கோட தரத்தைக் கோர்ட்டு நேராவே கேக்கட்டும். இந்தம்மா இங்கயே திட்டிக் காட்டணும்.”

“தடை இருக்கே தம்பி?” என்றாள் அவள்.

“இங்க நீங்க சொல்றது சாட்சியம். அதுக்குத் தடை கிடையாது” என்றார் நீதிபதி. “சாட்சியம் யாரோட தனிச் சொத்தும் இல்ல, பொதுமக்கள் சொத்து. அதுதாம்மா நம்ம நீதிமுறையோட பெருமை.”

வக்கீலின் முகம் அப்போதுதான் மாறியது. அதற்குள் அவள் அவன் பக்கம் திரும்பிவிட்டாள். பதிவான வசவுகளை ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தாள். முடித்த கையோடு புதுசு பிறந்தது.

“உன் மூளையை வாடகைக்கு விட்டா கூட்டம் அலைமோதும் தம்பி. ஒருத்தரும் புழங்காத புது இடமாச்சே!”

“ஆட்சேபம்!”

“ஆட்சேபிக்க நீ எழுந்து நின்னாலும், உன் கோட்டு மட்டும் உக்காந்தே இருக்கு!”

ஒவ்வோர் ஆட்சேபத்துக்கும் ஒரு புதுசு. தட்டச்சு செய்த பெண் விரலை உதறி உதறி அடித்தாள். வராந்தாவில் காத்திருந்த திருடர்கள் தங்கள் வழக்கை மறந்து உள்ளே வந்து உட்கார்ந்தார்கள்.

சாயங்காலம் தீர்ப்பு. பழைய வசவுகள் சாட்சியத்தில் ஏறிவிட்டதால் ஊரில் யார் வேண்டுமானாலும் சொல்லலாம். அவள் மட்டும் கூடாது, புருஷன் பெட்டியில் அமுக்கிய சம்மதம் அவளையும் கட்டும். அன்று கோர்ட்டிலேயே பிறந்தவை எல்லோருக்கும் பொது.

“அப்ப ஊர்ல என் வாயைத் தவிர எல்லா வாயும் என்னைப் போலத் திட்டலாம்?”

“சட்டப்படி அதுதான் சரி” என்றார் நீதிபதி, மிகுந்த திருப்தியோடு.

மறுநாள் காலை சாவி தொலைத்த கூட்டம் கட்டிலைச் சுற்றி நின்று அவள் வசவுகளைச் சொல்லிப் பார்த்தது. ஏற்றம் இறக்கம் ஒன்றும் இல்லை, ரேஷன் கடையில் பேர் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. கேட்கக் கேட்க அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. புருஷன்காரர் ஒரு கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

“போதும், தள்ளுங்க” என்று எல்லோரையும் விலக்கிக் குனிந்தாள்.

“யோவ், உன் மூளையை வாடகைக்கு விட்டா கூட்டம் அலைமோதும்யா. ஒருத்தரும் புழங்காத புது இடமாச்சே!”

அவர் விருட்டென்று எழுந்து உட்கார்ந்து சட்டையைத் தேடினார்.

“இது புதுசா இருக்கே. யாருக்குத் தச்சது?”

“வக்கீலுக்கு. உனக்கும் அளவு சரியாத்தான் இருக்கு. போய்க் கடையத் திற.”