புகையைப் புதைக்கும் மாப்பிள்ளை

மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் கணேசமூர்த்திக்குப் பதில் சொல்ல வரவில்லை. சவூதியில் வேலை. அதுவரை சரி. தொழிற்சாலைப் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்தெடுத்து, சோடா மாதிரி தண்ணீரில் கரைத்து, பூமிக்கு அடியிலுள்ள எரிமலைப் பாறைக்குள் இறக்குகிறார்களாம். அங்கே அது கல்லாகிவிடுமாம். பொகவந்தலாவைக் கடைத்தெருவில் தெரிந்தவர்களிடம் சொல்லிப் பார்த்தார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் வேலைக் காலமெல்லாம் தேயிலைத் தொழிற்சாலை அடுப்புக்கு விறகு தள்ளியவர்தான். அந்தப் புகை மேலே போய்த்தான் பார்த்திருக்கிறார்.

எவனோ காதில் பூச்சுற்றப் பார்க்கிறான் என்று முடிவு கட்டிவிட்டார். அப்படி நினைக்க அவருக்குக் காரணம் இருந்தது. மூத்தவள் நிலக்ஷியைக் கட்டிய கிஷாந்த், துபாய் ஹோட்டலில் சூப்பர்வைசர் என்று சொல்லித்தான் தாலி கட்டினான். கல்யாணம் முடிந்த பிறகுதான் அவன் அங்கே கோப்பை கழுவிய கதை வெளியே வந்தது. அன்று கணேசமூர்த்தி அவனோடு விட்ட பேச்சு, ஆறு வருஷமாகியும் விட்டதுதான். கிஷாந்த் இப்போது டிக்கோயாவில் ஆட்டோ ஓட்டுகிறான். நிலக்ஷி அப்பா வீட்டுக்கு வந்தால் தனியாகத்தான் வருவாள்.

இளையவள் விஷயத்திலும் ஏமாந்தால் லயத்து வரிசை வீடுகளில் தலைகாட்ட முடியாது என்பது அவருடைய பயம். இளையவள் நிஷாந்தி தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள். கட்டினால் அந்தச் சவூதிக்காரர் சுமனைத்தான் கட்டுவேன் என்று சொல்லிவிட்டு, அதற்குமேல் வாயைத் திறக்காமல் இருந்தாள். பையனை நேரில் பார்த்துவிட்டு வேண்டாமென்று சொல்லுங்களேன் என்றாள் மனைவி பூரணி. அதற்கும் மாட்டேன் என்றால் நன்றாயிருக்காது என்று ஒத்துக்கொண்டார்.

லீவில் வந்திருந்த சுமன், அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை லிந்துலையிலிருந்து வந்தான். புகையைப் புதைக்கிறவனைப் பார்க்க லயத்தில் பாதிப் பேர் வாசலில் நின்றார்கள். கணேசமூர்த்தி சுற்றி வளைக்காமல் வேலையைப் பற்றித்தான் முதலில் கேட்டார். சுமன் சட்டைப் பையிலிருந்து ஒரு கல்லை எடுத்து அவர் கையில் வைத்தான். அந்தப் பாறையில் துளைபோட்டு எடுத்த உருளைத் துண்டு. கறுப்புக் கல், அதன் ஓட்டைகளில் வெள்ளை அடைத்திருந்தது. அந்த வெள்ளைதான் அவர்கள் இறக்கிய வாயு என்றான்.

இப்படிப்பட்ட கல் நம் ஆற்றிலும் கிடக்கிறதே என்றார் கணேசமூர்த்தி. சுமன் பூரணியிடம் ஒரு கத்தியும் பாதி எலுமிச்சம்பழமும் கேட்டு வாங்கினான். வெள்ளையைக் கொஞ்சம் சுரண்டி அதன்மேல் பிழிந்தான். சின்னச் சின்னக் குமிழாக நுரைத்துப் பொங்கியது. அடைபட்ட வாயு வெளியேறுகிறது என்று விளக்கினான். வாசலில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

கணேசமூர்த்தி லேசுப்பட்ட ஆளில்லை.

“பாதி எலுமிச்சம்பழத்துக்கே வெளிய வந்துருதே தம்பி. இதுக்கா அம்புட்டுத் தூரம் போய்ப் பொதைக்கிறீங்க?”

வாசல் கொல்லென்று சிரித்தது. அவருக்கும் உள்ளுக்குள் ஒரே குஷி. துபாய்க்காரனிடம் கேட்காமல் விட்டதையெல்லாம் சேர்த்துவைத்து இவனிடம் கேட்டுவிட்ட மாதிரி இருந்தது.

சுமன் கல்லைத் துடைத்தான். “கீழ புளிப்பு இருந்தா அப்பிடித்தாங்க மாமா. இல்லைன்னா அப்பிடியே கெடக்கும்னு சார்மாரு சொல்றாங்க. நான் கொழாயில சவுக்காரத் தண்ணி பூசி, கேஸ் கசியுதான்னு பாக்குறவன். அந்தக் கல்லு எத்தனை காலத்துக்கு நிக்கும்னு எனக்குத் தெரியாதுங்க.”

தெரியாது என்ற வார்த்தை கணேசமூர்த்திக்குப் பிடித்திருந்தது. கிஷாந்த் எதைக் கேட்டாலும் பதில் வைத்திருந்தவன். இவன் பரவாயில்லை என்று பட்டது. பூரணியைத் தேத்தண்ணி கொண்டுவரச் சொல்லித் திரும்பினார். அவள் உள்ளே போனதும் சுமன் மறுபடி வாயைத் திறந்தான்.

“இன்னொண்ணும் சொல்லிறணும்ங்க. இது சோதனைக்குப் போட்ட வேலை. வர்ற மார்கழியோட மூடுறாங்க. அடுத்த வேலை இன்னும் அமையல.”

அவனுடைய அம்மா அவன் முழங்கையைப் பிடித்துக் கிள்ளியதை எல்லோரும் பார்த்தார்கள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. கணேசமூர்த்தி எழுந்து அடுப்படிக்குப் போனார். மகளை நினைத்து அவருக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. கேட்டாயா, வேலையே முடியப்போகுதாம் என்று அங்கே நின்ற அவளிடம் மெதுவாகச் சொன்னார்.

நிஷாந்தி அழவில்லை. “எனக்கு மொதல்லயே தெரியும்ப்பா. நான்தான் உங்ககிட்ட சொல்லவேணாம்னு சொல்லி வச்சேன். என் பேச்சைக் கேக்காம சொல்லிட்டாரு.”

ஏன் மறைக்கச் சொன்னாய் என்று கேட்டார்.

“சொன்னா நீங்க வேணாம்னுருவீங்க. அக்காவும் அதுக்குத்தானே சொல்லல.”

“அவ என்னத்தைச் சொல்லல?”

“அத்தான் கோப்பை கழுவுறது அக்காவுக்குக் கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியும். சூப்பர்வைசர்னு சொல்லச் சொன்னதே அக்காதான்.”

பூரணி முதுகைக் காட்டிக்கொண்டு கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவின கிளாஸையே திரும்பவும் கழுவினாள். இவளுக்கும் தெரியும் என்று அவருக்குப் புரிந்தது. ஊரான் ஏமாற்றிவிடுவானென்று வாசலைக் காத்துக்கொண்டிருந்திருக்கிறார். வீட்டுக்குள்ளே மூன்று பேரும் அவருக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். பொண்டாட்டி சொல்லச் சொன்ன பொய்யை ஒருவன் ஆறு வருஷமாகத் தன் தலையில் போட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லாமல் இருந்திருக்கிறான். கணேசமூர்த்திக்கு வெட்கமாக இருந்தது.

முன்னறைக்கு வந்தபோது சுமன் கிளம்புகிற மாதிரி எழுந்து நின்றான். உட்காரச் சொன்னார். வேலை போனால் இன்னொரு வேலை என்றார். நிச்சயத்துக்கு நாள் பார்க்கலாம், ஆனால் மூத்த மருமகன் இல்லாமல் இந்த வீட்டில் நாள் வைக்க முடியாது, அவரும் வந்து உட்காரட்டும் என்று சுமனுடைய அம்மாவிடம் சொன்னார்.

போனைக் கையில் எடுத்தார். கிஷாந்தின் நம்பர் அதில் இல்லை. அடுப்படிக்குப் போய் நிஷாந்தியிடம் கேட்டு வாங்கினார்.