ஆள் பாரம்

மணிக்கு எண்பது மைல் வேகத்தில் போகிறவளுக்குக் கோபம் வராது. இதை நான் தேவனாம்பட்டினம் சாலையில், கிபாயத்துல்லா பாயின் சிவப்பு பிக்கப்பில் உட்கார்ந்து தெரிந்துகொண்டேன். அதற்கு முன் எனக்குக் கோபம் வராத நாள் எது என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

பாய் எங்களுக்குப் பக்கத்து வீடு. கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், துறைமுகத்துக்குப் போகிற தெருவில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். பினாங்கில் மெக்கானிக்காக இருந்து திரும்பியவர். அங்கிருந்து வருகிறவர்கள் கைலியும் செண்ட்டும் டார்ச் லைட்டும் கொண்டுவருவார்கள். இவர் கொண்டுவந்தது ஒரு ரப்பர் மெத்தையும், அமெரிக்கப் பத்திரிகையிலிருந்து கிழித்த ஒரு பக்கமும். அந்தப் பக்கத்தில் ஒரு பிக்கப் வண்டியின் படம். கூடு பழசு, எஞ்சின் பெரிசு, உள்ளே மாப்பிள்ளை வீட்டுச் சொகுசு. அந்த ஊர் வாலிபர்கள் கழித்துப்போட்ட வண்டிகளை வாங்கி இப்படித்தான் முறுக்கேற்றுகிறார்கள் என்று கீழே எழுதியிருந்ததை அவருக்கு நான்தான் படித்துச் சொன்னேன்.

"ஏ பி.எஸ்சி, நல்லாப் படிச்சியா? பழைய வண்டின்னுதானே போட்டிருக்கு?"

"பழைய வண்டிதான் பாய். பைத்தியக்காரத்தனம்னும் போட்டிருக்கு."

"அதெல்லாம் போட்டிருக்க மாட்டான்."

நெல்லிக்குப்பத்தில் ஒரு கரும்புக்காரர் கொல்லையில் முப்பத்தேழாம் வருஷத்து ஃபோர்டு பிக்கப் ஒன்று கோழிகள் அடைகாக்கிற இடமாகக் கிடந்தது. அதை மாடு கட்டி இழுத்து வந்தார். யுத்தம் முடிந்து மிலிட்டரிக்காரன் கழித்த லாரி ஒன்றிலிருந்து வி-எய்ட் எஞ்சினைப் பிடுங்கி அதில் வைத்தார். பக்கத்துக்கு நாலாக எட்டு சிலிண்டர். ஏற்றி இறக்கும் கண்ணாடி, ரேடியோ, புது பிரேக், புது ஷாக் அப்சார்பர். எல்லாவற்றுக்கும் மேலே அவரே யோசித்த ஒன்று: பின்கட்டுக்குக் கூரை போட்டு, அதன் முன்பக்கத்தில் வெட்டிவேர் அடைத்த ஒரு பெட்டி. பெட்டிக்கு மேலே தண்ணீர் சொட்டும், பின்னால் ஒரு சின்ன மின்விசிறி சுழலும். சித்திரை வெயிலில் வண்டிக்குள் கை நீட்டினால் மார்கழி.

"நிக்காஹ் பண்ணது என்னைய, குடும்பம் நடத்துறது அதோட" என்று அவர் மனைவி அமீருன்னிசா என் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருப்பாள்.

எனக்கு அந்த வண்டியைப் பார்க்கும்போதெல்லாம் வாய் அடைத்துப் போகும். கரும்பு வண்டி ஓட்டிப் பிழைக்கிற எங்கள் வீட்டில் காலேஜுக்குப் போனவள் நான் ஒருத்திதான். அண்ணாமலை நகரில் பிசிக்ஸ் படித்தேன். முடித்து ஒரு வருஷமாக வேலையில்லை. தெருவில் யார் எதிரே வந்தாலும் "படிச்சு என்னா கிழிச்ச?" என்பதுதான் விசாரிப்பு. கிழித்தது என்ன என்று எனக்கும் தெரியாததால் பதிலுக்குத் திட்டுவேன். எட்டு சிலிண்டரும் பற்றிக்கொண்டு எழும் சத்தம் காதில் கேட்காது, அடிவயிற்றில் கேட்கும். ஒரு மனிதர் குப்பையிலிருந்து இப்படி ஒன்றை எழுப்ப முடியுமென்றால் உலகம் நான் நினைத்த அளவுக்குக் கேவலமில்லை என்று தோன்றும். அரை மணி நேரம்தான். பிறகு யாராவது எதிரே வருவார்கள்.

அறுபத்தாறாம் வருஷம், மே மாதம். சிதம்பரத்தில் கட்டிக்கொடுத்த என் அக்கா கொளஞ்சிக்கு ஆறாம் மாதம். இது மூன்றாவது. முதல் இரண்டும் தங்கவில்லை. இரண்டு தடவையும் மாட்டு வண்டியில் போய் வந்த மறுநாள் கலைந்தது. ரயில் இருக்கிறதே என்பார்கள்; ஸ்டேஷனுக்குப் போவது எதில்? மஞ்சக்குப்பம் ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர் அவளை முன்பே பார்த்திருந்தார். அவரிடம் போய்க் கேட்டேன்.

"கர்ப்பப்பை வாய் பலவீனம்மா அவளுக்கு. கடைசி மூணு மாசம் என் வார்டுல படுத்துக் கெடக்கணும். கெடந்தா காப்பாத்துவேன். ஆனா அங்கேருந்து இங்க படுத்தபடியே, குலுங்காம வரணும்."

"குலுங்குனா?"

"என்னைக் கேக்காத."

நேராக ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன்.

"பாய், இந்த வண்டி எவ்ளோ வேகம் போவும்?"

"நீதான் பாத்தியே."

"எவ்ளோ மெதுவாப் போவும்?"

பாய் ஸ்பேனரைக் கீழே வைத்தார். நான் அக்கா விஷயத்தைச் சொல்லி முடித்தேன். பிறகு வண்டியின் மூக்கைத் தடவிக்கொண்டே, "குதிரையக் கொண்டாந்து வச்சா, எரும நடை நடக்கச் சொல்றா" என்றார். அன்று சாயங்காலமே பின்கட்டில் இருந்த சாமான்களை இறக்கிவிட்டு, பினாங்கு ரப்பர் மெத்தையை நடுவில் விரித்தார். இரண்டு பக்கமும் நீளமாகப் பலகை அடித்தார்.

சோதித்துப் பார்க்க ஒரு பித்தளைத் தவலையில் விளிம்புவரை தண்ணீர் நிரப்பி மெத்தை மேல் வைத்தோம். திருவந்திபுரம் வரை போய்த் திரும்பியபோது பாதித் தண்ணீர் மெத்தைக்குள் இருந்தது. பின் அச்சில் இருக்கும் இரும்புப் பட்டைகள் வண்டியைத் தூக்கித் தூக்கிப் போட்டன. ஸ்பிரிங் விறைப்பாக இருக்கிறது, பட்டைகளைக் குறைக்க வேண்டும் என்று நான் கணக்குப் போட்டுச் சொன்னேன். குறைத்தார். இந்தத் தடவை முதல் பள்ளத்திலேயே பட்டை மடங்கிக்கொடுத்து, வண்டியின் அடிச்சட்டம் அச்சில் 'தட்' என்று இடித்தது. தவலை உருண்டே போனது.

"ஒங்க காலேஜுக்கு ஒரு சலாம் போடு" என்றார் பாய்.

"ஒங்க பினாங்குக்கும் சேத்துப் போடுறேன்" என்றேன். பட்டைகளைத் திரும்ப மாட்டினோம். நாட்கள் போய்க்கொண்டிருந்தன, அக்கா வயிற்றில் இருப்பது காத்திருக்காது.

வெள்ளிக்கிழமை பாய் ஜும்மா தொழுது வந்ததும் மறுபடியும் தவலையை வைத்து வண்டியைக் கிளப்பும் நேரத்தில் எதிர்ப் பள்ளிவாசலிலிருந்து மற்ற ஆட்களும் வந்துகொண்டிருந்தார்கள். பீடிக்கடை லியாக்கத் அலி பின்னால் காலைத் தூக்கி வைத்தார்.

"மச்சான், எத்தன நாளா பூட்டிப் பூட்டி வச்சிருக்க? ஒரு ரவுண்டு."

"எறங்கு. டெஸ்ட்டு நடக்குது."

"எங்களையும் டெஸ்ட்டு பண்ணு."

அவர் பின்னாலேயே ஏழெட்டுப் பேர் ஏறிவிட்டார்கள். பள்ளிவாசல் வாசலில் வைத்து ஜமாத்தை இறக்கிவிட பாய்க்கு மனம் வரவில்லை. முன் சீட்டில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துறைமுகச் சாலை, லாரிகள் கடித்துத் தின்ற சாலை. லெவல் கிராசிங்கைத் தாண்டியதும் எல்லாரையும் திட்டுவதற்காகப் பின் கண்ணாடி வழியாகத் திரும்பினேன்.

தண்ணீர் தவலையின் விளிம்போடு நின்றது. நெளிந்தது, தூங்குகிறவன் மார்பு மாதிரி ஏறி இறங்கியது. ஒரு சொட்டு சிந்தவில்லை. சக்கரம் பள்ளத்தில் விழுவது எனக்குத் தெரிந்தது. விழுந்த செய்தி தண்ணீருக்குப் போய்ச் சேரவில்லை. மூன்று வருஷம் நான் பரீட்சைக்காக மனப்பாடம் செய்த ஒரு வரி, பாரம் கூடினால் ஸ்பிரிங்கின் ஆட்டம் மெதுவாகும் என்ற ஒரே வரி, என் கண் முன்னால் எட்டு பாய்மார்களாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தது.

"பாய், நிறுத்தாதீங்க. யாரையும் எறக்காதீங்க."

"என்னா?"

"முக்கா டன் செமக்கறதுக்குப் பண்ண பட்டை பாய் இது. வெறும் வண்டியில அதுக்கு வேல இல்ல. வேல இல்லாம துள்ளுது."

"ஒன்னைய மாதிரி" என்றார் பாய்.

மறுநாள் கெடிலம் ஆற்றில் மணல் அள்ளி, சர்க்கரைச் சாக்குகளில் கட்டி, பலகைகளுக்கு அடியில் அடுக்கினோம். தவலை அசையவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சிதம்பரத்துக்குக் கிளம்பினோம்.

அக்கா வீடு அண்ணாமலை நகருக்குப் பின்னால் ஒரு சந்தில். அவள் புருஷன் உத்திராபதி ஹாஸ்டல் மெஸ்ஸில் தலைமைச் சமையல். சந்து முழுக்க மெஸ்காரர்கள் வீடுதான். சிவப்பு வண்டி நுழைந்ததும் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். உத்திராபதி அக்காவைக் கோரைப்பாயோடு தூக்கிவரத் தயாராக நின்றார். அவர் அம்மா தில்லையம்மாள் வண்டியை ஒரு சுற்று சுற்றினாள். எனக்கு அவளைக் கண்டாலே ஆகாது. இரண்டு தடவையும் அக்காவை மாட்டு வண்டியில் ஏற்றி அனுப்பியவள் அவள்தான். பலகைக்கு அடியில் கைவிட்டுச் சாக்கை அமுக்கிப் பார்த்தாள்.

"என்னாடி இது?"

"மணல் அத்தே. ஆத்து மணல்."

"எடுத்துடு."

"அது இருந்தாத்தான் வண்டி குலுங்காது. இது சயின்ஸ் அத்தே, ஒங்களுக்கு..."

"மண்ணு மேல புள்ளத்தாச்சிய ஏத்த மாட்டேன்."

எனக்கு வாய் நிறைய வந்துவிட்டது. மூடநம்பிக்கை என்ற சொல்லை எடுத்து நாக்கு நுனியில் வைத்துக்கொண்டேன். அவள் குரலை உயர்த்தவில்லை.

"நீ படிச்ச புள்ள. ரெண்டையும் கையில வாங்குனது யாருன்னு ஒங்கக்காவக் கேளு. மொதலு இந்தக் கையளவு இருந்துச்சு. ரெண்டாவதுக்கு நகமெல்லாம் வந்திருச்சு. கொல்லையில நாந்தான் குழி வெட்டுனேன். எம் மவன வெட்ட விடல. ரெண்ட மண்ணுல வச்சுட்டு, மூணாவத மண்ணு மேல ஏத்தி அனுப்பச் சொல்றியா?"

என் சொல் எங்கே போனதென்று தெரியவில்லை. நான்தான் முதல் சாக்கை இழுத்தேன். பாய் வந்து மறுமுனையைப் பிடித்தார்.

சாக்குகள் சந்து ஓரத்தில் குவிந்தபின் வண்டி பின்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. நெல் மூட்டை கேட்கலாமென்றால், அந்த வருஷம் ரேஷனில் அரிசி வாங்கவே விடியலில் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. காலேஜ் லீவு, மெஸ் ஸ்டோருக்குப் பூட்டு. "வெறும் வண்டிய நான் எடுக்க மாட்டேன்" என்றார் பாய். "அந்தப் பொண்ணு மேல சத்தியமா எடுக்க மாட்டேன்."

நான் சந்தைப் பார்த்தேன். வாசலுக்கு வாசல் மெஸ் சமையல்காரர்கள், அவர்கள் பெண்டாட்டிமார்கள். மெஸ் சாப்பாட்டில் பையன்கள் இளைப்பார்கள், சமைக்கிறவர்கள் பெருப்பார்கள் என்று ஹாஸ்டலில் நாங்களே பாடியிருக்கிறோம்.

"கடலூர் வரைக்கும் ஆள் வேணும்" என்றேன். "கனமான ஆளா."

சாம்பார் அடுப்புக்காரர் தட்சிணாமூர்த்தி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். அவர் ஏறியதும் வண்டி ஒரு பக்கமாகப் பெருமூச்சு விட்டு இறங்கியது. "இவர் ஒருத்தர் மூணு மூட்ட" என்று எவளோ சொன்னாள். "ஒம் புருசன் என்ன, முறுக்கா?" என்று இன்னொருத்தி. சிரித்துக்கொண்டே ஏறினார்கள். நான் தராசில் படிக்கல் வைப்பதுபோல இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் என்று உட்காரவைத்தேன். பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால். நான் சொன்னதை இத்தனை பேர் கேட்டு நான் பார்த்ததில்லை. அக்காவை நடுவில் படுக்கவைத்தோம். பெட்டியில் தண்ணீர் ஊற்றி விசிறியைப் போட்டதும் வெட்டிவேர் வாசனை எழுந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

தில்லையம்மாள் கீழேயே நின்றாள். "நான் கனமில்லையே" என்றாள்.

"ஏறுங்க அத்தே. தலமாட்டுல எடம் வச்சிருக்கேன்."

பாய் வண்டியை நடக்க வைத்தார். எண்பது மைலுக்குப் பிறந்த எஞ்சின் பதினைந்து மைலில் முனகிக்கொண்டே போனது. புவனகிரிப் பாலம், காய்ந்த வெள்ளாறு, புளியமரங்கள். நான் முன் சீட்டில் பின்னால் திரும்பியபடியே உட்கார்ந்திருந்தேன். குறிஞ்சிப்பாடியில் தட்சிணாமூர்த்தி ஒரு டீ குடிக்க இறங்கட்டுமா என்றார். நான் வாய் திறக்குமுன் தில்லையம்மாள், "நீ எறங்குனா துள்ளும். ஒக்காரு" என்றாள். குள்ளஞ்சாவடியைத் தாண்டினால் சாலை என்று ஒன்று கிடையாது, குழிகள்தான் அடுத்தடுத்து. அத்தனை பேரும் ஒன்றாக அமிழ்ந்து ஒன்றாக எழுந்தார்கள், ஒரே உடம்பு மாதிரி. அவரவர் தங்கள் கனத்தை அக்காவுக்காகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சிலர் மூச்சைக்கூட எண்ணி விட்டதாகப் பட்டது. அக்கா வாய் லேசாகத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் கல்யாணத்துக்குப் பிறகு அப்படித் தூங்கி நான் பார்க்கவில்லை. தில்லையம்மாள் அந்தத் தூக்கத்திலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை.

பாய் பக்கம் திரும்பினேன். அவர் சாலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், வேகமாகப் போகும்போதுகூட அவர் அப்படிப் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் காவல்காரன் எட்டிப் பார்த்து, "என்னா, கல்யாணப் பார்ட்டியா?" என்றான். டாக்டர் வந்தார். அத்தனை பேரையும் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் வண்டிக்குள்ளேயே ஏறி, அக்கா வயிற்றில் மரக் குழலை வைத்துக் காதைக் கொடுத்தார். பாய் எஞ்சினை அணைத்தார். வெட்டிவேர்ப் பெட்டியில் தண்ணீர் சொட்டுவது கேட்டது.

டாக்டர் நெடுநேரம் குனிந்திருந்தார். இடம் மாற்றி இன்னொரு தடவை வைத்துக் கேட்டார்.

"இருக்கு" என்றார். "நல்லா அடிக்குது."

ஸ்ட்ரெச்சர் வந்தது. தில்லையம்மாள் கையை நீட்டி, "யாரும் எறங்காதீங்க, அவ போவட்டும்" என்றாள். அக்காவைத் தூக்கிக்கொண்டு வராந்தா திருப்பத்தில் மறையும்வரை பலகைகளில் ஒருவரும் அசையவில்லை. மறைந்த பிறகும் அசையவில்லை.

"இப்ப எறங்கலாமா மலரு?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள் தில்லையம்மாள்.

"எறங்கலாம் அத்தே."

மெத்தை காலியாகத்தான் இருந்தது. இருந்தும் ஒவ்வொருவராக, காலை ஊன்றி, பக்கத்து ஆளைப் பிடித்துக்கொண்டு, மிக மெதுவாகத்தான் இறங்கினார்கள்.