பொட்டு மறைத்த சுவிட்ச்

விருத்தாசலம் முழுக்கப் பராமரிப்பு மின்தடை. அந்தப் பீங்கான் ஆலையின் சூளை மட்டும் எரிந்துகொண்டிருந்தது. கொல்லைப்புறக் காற்றாலையும் முதல் டீசல் ஜெனரேட்டரும் சேர்ந்து மின்சாரம் கொடுத்தன. காற்று விழுந்தால் இரண்டாவது ஜெனரேட்டர் யாரையும் கேட்காமல் தானே கிளம்பிவிடும்.

அந்த இரண்டாவதுக்குள்தான் மெக்கானிக் அர்ச்சுனன் கையை விட்டிருந்தான். ஃபேன் பெல்ட் மாற்றுகிற வேலை.

"ஆஃப்ல போட்டுட்டுத்தான் தொடுவேன், பயப்படாத" என்று கட்டுப்பாட்டு அறை ஆபரேட்டர் அன்புக்கரசியிடம் சொல்லிவிட்டுத்தான் ஷெட்டுக்குப் போயிருந்தான்.

அன்புக்கரசி திரையைப் பார்த்தாள். இரண்டாவது ஜெனரேட்டரின் கட்டம் பச்சையாக எரிந்தது. 'ஆட்டோ, தயார்.'

ஆயுத பூஜை முடிந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. ஷெட்டில் அந்த ஜெனரேட்டரின் ஆட்டோ-ஆஃப் சுவிட்சைச் சுற்றி அப்பிய சந்தனமும் குங்குமமும் எழுத்துகளை மூடிக் காய்ந்து கிடந்தன. பூஜைப் பொட்டைத் துடைக்கக் கூடாது, தானாக உதிர வேண்டும் என்பது ஆலையின் வழக்கம். அர்ச்சுனன் குத்துமதிப்பாகத் திருப்பியிருக்கிறான். தப்பான பக்கம்.

காற்று இறங்கிக்கொண்டே வந்தது.

அவன் செல்போன் இதோ மேசைமேல் சார்ஜில். ஷெட்டில் ஓடுகிற முதல் ஜெனரேட்டரின் இரைச்சலில் கத்தினாலும் கேட்காது. திரையிலிருந்து இரண்டாவதை நிறுத்தவும் வழியில்லை. மின்சாரத் தேவையைக் குறைத்தால்தான் அது கிளம்பாமல் இருக்கும். அதிக மின்சாரம் இழுப்பது சூளைக்குக் காற்று ஊதும் புளோயர்.

"சார், சூளை புளோயரை நிறுத்தப் போறேன்!"

மேனேஜர் கோதண்டபாணி துள்ளி எழுந்தார். "உனக்கு இன்னா பைத்தியமா? உள்ள இருக்கிற சரக்கு பூரா வெடிச்சிடும்!"

"அர்ச்சுனன் அண்ணன் கை உள்ள இருக்குது சார்!"

"அவன் வெவரமானவன்மா. ஆஃப் பண்ணாம தொடுவானா?"

அவள் புளோயரை நிறுத்தினாள். செருப்பை உதறிவிட்டு ஓடினாள். களிமண் மூட்டைகளைத் தாண்டி, உலரும் கோப்பை வரிசைகளை இடித்துக்கொண்டு ஷெட்டுக்குள் பாய்ந்தாள்.

அர்ச்சுனன் கையை முழங்கை வரை உள்ளே விட்டுப் பெல்ட்டை இழுத்துக்கொண்டிருந்தான். அவன் சட்டைக் காலரைப் பற்றி, இருந்த பலத்தையெல்லாம் திரட்டிப் பின்னால் இழுத்தாள். இருவரும் எண்ணெய்த் தரையில் விழுந்தார்கள்.

"அடிப்பாவி, இன்னா..."

இரண்டாவது ஜெனரேட்டர் உறுமிக்கொண்டு எழுந்தது. பெல்ட் துண்டு துண்டாகக் கிழிந்து சுவரில் அடித்தது. அர்ச்சுனன் தன் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான்.

அன்புக்கரசி கதவு வழியே திரும்பிப் பார்த்தாள். கட்டுப்பாட்டு அறைக் கண்ணாடிக்குப் பின்னால், புளோயரை மறுபடி போட்டுவிட்ட நிம்மதியில் கோதண்டபாணி நாற்காலியில் சாய்ந்துகொண்டிருந்தார்.