மூன்றாம் பாதைக்குத் தொண்ணூறு நிமிடம்

மலை விடுதியின் மூன்றாம் பாதைக்குப் பலகையில் தொண்ணூறு நிமிடம் என்று போட்டிருந்தது. போய்வர யாருக்கும் ஐம்பதைத் தாண்டாது. முப்பது வருடமாக விருந்தினர்கள் ஊற்றுவரை நடந்துவிட்டுச் சொன்னதற்கு முன்பே திரும்பி, பசியோடு சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொள்வார்கள்.

“ஏன்க்கா, அந்தப் போர்டு ஆமைக்கு எழுதினதா?” என்று சமையல்காரர் வருடத்துக்கு ஒரு தடவையாவது கேட்பார். வரவேற்பு மேசையிலிருந்து அவள் சிரித்து மழுப்பிவிடுவாள்.

அளந்தது அவள் கணவர். அப்போது கணவர் இல்லை, புதிதாக வேலைக்கு வந்த வழிகாட்டி. தேநீருக்குப் பத்து நிமிடம் என்றால் பதினோராவது நிமிடம் எழுந்து நின்றுவிடுவார் என்பதால் எல்லோருக்கும் அவர் ‘நிமிஷம்’. ஐந்து பாதைகளையும் அளக்க விடுதி அவரையும் அவளையும் அனுப்பியது. அவர் கையில் கடிகாரம், அவள் கையில் நோட்டு. எளிதான பாதைக்கு மரத்தில் பச்சைக் கோடு, கொஞ்சம் மூச்சு வாங்குவதற்கு மஞ்சள் கோடு. வழியில் உட்கார்ந்த நேரத்தைக் கழித்துவிட வேண்டும், அதுதான் விதி.

நான்கு பாதைகள் பிசகில்லாமல் வந்தன. மூன்றாவதில் மட்டும் ஊற்றுக்குப் பக்கத்துப் பாறையில் நாற்பது நிமிடம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பேசினோம் என்று இப்போது கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. அவருடைய ஷூவுக்குள் மண் போனது, அவளுடைய அக்காவின் முன்கோபம், அப்படி ஏதோ. கீழே வந்ததும் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “தொண்ணூறுன்னு எழுதிக்குங்க” என்றார். அவள் எழுதிக்கொண்டாள்.

அந்த வருடமே கல்யாணம். அவர் ஆசையாக நாலு வார்த்தை பேசுகிற ஆள் இல்லை. பிறந்த நாளுக்குக் குடை வாங்கித் தருகிறவர். அதனால் அந்தத் தொண்ணூறையே அவள் தனக்கு வந்த கடிதமாக வைத்துக்கொண்டாள். வீட்டில் முட்டிக்கொண்ட நாட்களில் வேலைக்கு வரும்போது பலகையை ஒரு பார்வை பார்ப்பாள். பாதிக் கோபம் அங்கேயே இறங்கிவிடும்.

இப்போது எல்லாப் பலகைகளையும் மாற்றுகிறார்கள். “அக்கா, மூணாவதை மட்டும் நீங்களும் அண்ணனும் இன்னொரு தடவை நடந்து பாத்துடுங்க. நாலு மணிக்குள்ள நம்பர் வேணும், பெயிண்டர் காத்திருக்கார்” என்றாள் புது மேனேஜர்ப் பெண்.

அவர் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. வீட்டில் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். அவள் விஷயத்தைச் சொல்லிவிட்டு, இத்தனை வருடம் கேட்காததைக் கேட்டாள்.

“அன்னிக்கு எப்படிங்க தப்பாச்சு?”

“கழிக்க மறந்திருப்பேன். மனுஷன்தானே?”

தைல பாட்டிலை மூடிவிட்டு அவர் கைத்தடியைத் தேடப் போனார். அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். மறதியா? வெறும் மறதியையா இத்தனை காலம் மடித்து வைத்துக்கொண்டிருந்தோம்?

பாதையில் பச்சைக் கோடுகள் பட்டையோடு உரிந்துகிடந்தன. மரப்படிகளில் அவர் ஒவ்வொரு காலாக வைத்து ஏறினார்.

“மெதுவா வாங்க. ஊத்து ஓடிப்போயிடாது.”

“ஊத்து ஓடாது. பெயிண்டர் ஓடிடுவார்.”

மற்ற நாளாக இருந்தால் சிரித்திருப்பாள்.

பாறை வந்ததும் அவர் தோள் துண்டை எடுத்து, உதிர்ந்திருந்த இலைகளைத் தட்டிவிட்டார். சமமாக இருந்த பாதியை அவளுக்கு விட்டுவிட்டு, சரிந்த பக்கத்தில் காலை ஊன்றி உட்கார்ந்தார். அன்றும் அந்தப் பக்கம்தான் உட்கார்ந்தார் என்பது அவளுக்குச் சட்டென்று நினைவு வந்தது.

“உட்காருற நேரம் ஓடுது. இந்தத் தடவையாவது ஞாபகமாக் கழிங்க” என்றாள். குரலில் இருந்த புளிப்பு அவளுக்கே கேட்டது.

அவர் ஊற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். “கழிக்க மனசு வரல.”

“இப்பவா?”

“அப்பவும்தான்.”

“மறந்துட்டேன்னு சொன்னீங்களே!”

“மாட்டிக்கிட்டவன் வேற என்னடி சொல்வான்?” என்றவர் அவள் பக்கம் திரும்பினார். “சரி, என்னை விடு. நோட்டு உன் கையிலதானே இருந்துச்சு? விதி உனக்கும் தெரியும். நீ ஏன் கழிக்கல? முப்பது வருஷமா நானும் கேக்கணும் கேக்கணும்னு இருக்கேன்.”

அந்தப் பக்கமும் ஒருவர் இதே பலகையைப் பார்த்துக்கொண்டுதான் வேலைக்குப் போய்வந்திருக்கிறார். இது அவளுக்கு இதுவரை தோன்றியதே இல்லை. முகம் சூடாகிவிட்டது, இந்த வயதில்.

“எனக்கு அப்போ கழித்தல் சரியா வராது” என்றாள்.

அவர் சிரித்த சிரிப்பில் கைத்தடி சரிந்து தண்ணீரில் விழுந்தது.

அவர்கள் இறங்கி வந்தபோது நாலரை தாண்டியிருந்தது. பெயிண்டர் தூரிகையைக் கழுவி வைத்துவிட்டிருந்தார்.

“எவ்வளவும்மா போடணும்?”

“ஐம்பது” என்றாள் அவள், யோசிக்காமல்.

“ஐம்பதா? நீங்க போய் ரெண்டரை மணி நேரம் ஆச்சே!”

“உட்கார்ந்ததைக் கழிச்சாச்சு. உங்க அண்ணனோட முட்டியையும் கழிச்சாச்சு.”

பழைய பலகை சுவரில் சாய்ந்து நின்றது. அவர் அதன் ஒரு முனையைத் தூக்கினார். “அந்தப் பக்கம் பிடி.”

“எதுக்குங்க? வீட்டுல இதை எங்க வைக்கிறது?”

“முதல்ல பிடி. போற வழியில பேசிக்கலாம்.”