மிச்ச மூச்சு

பழைய பட்டாளத்து ஜீப் என்றால் கிளம்புவதற்குத்தான் முரண்டு பிடிக்கும். பட்டறையின் கடைசி மூலையில் தார்ப்பாய்க்குள் கிடந்த ஜீப்போ, கிளம்பிவிட்டு நிற்க மாட்டேன் என்றது.

"சிரிக்காதீங்க அண்ணி," என்றான் கொழுந்தன். "நேத்து புது பேட்டரி மாட்டி, கேஸ் நிரப்பி ஸ்டார்ட் பண்ணேன். உடனே புடிச்சிருச்சு. அப்புறம் வால்வை மூடினேன். அது பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கு. சாவியைத் திருப்பினப்புறம்தான் அடங்குச்சு. அண்ணன் இன்னும் அதை விட்டு இறங்கல. அவ்வளவுதான் சொல்லுவேன்."

அவள் சிரிக்கவில்லை. கையிலிருந்த ஒயரின் தோலை உரித்துக்கொண்டிருந்தாள். செம்பு தெரிந்த பிறகும் உரித்தாள். இரண்டு வருஷமாக அந்த மூலைப் பக்கம் அவள் முகம் திரும்பியதில்லை. தார்ப்பாயைப் போட்டதும் அவள்தான், கயிறு கட்டி முடிச்சுப் போட்டதும் அவள்தான். தினமும் வருவாள், டைனமோ சுற்றுவாள், செத்த விளக்குகளை எரிய வைப்பாள், அந்த மூலை மட்டும் இல்லாததுபோல நடந்துகொள்வாள். இப்போது ஒரு பல் டாக்டர் அந்த ஜீப்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். கேஸை எடுத்துவிட்டு, பட்டாளத்தில் இருந்த மாதிரியே பெட்ரோலுக்கு மாற்றித் தரவேண்டுமாம். சீட்டுக்கு அடியில் இருக்கும் பெட்ரோல் டேங்க் துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டதால், இன்ஜின் சத்தத்தைக் கேட்க முதலில் கேஸில்தான் ஓட்டிக் காட்ட வேண்டியிருந்தது. அவளுக்கோ அது கண்ணை விட்டுத் தொலைந்தால் போதும் என்றிருந்தது.

அந்தப் பட்டறை மூன்று பேர் கை. இன்ஜினும் கேஸும் அவள் புருஷன். வெல்டிங்கும் பெயிண்டும் அவர் தம்பி. ஒயரிங் அவள், தெருவே அவளைக் கரண்ட்காரி என்றுதான் கூப்பிடும். பெட்ரோலைத் தண்ணீராய்க் குடிக்கும் கிழட்டு ஜீப்புகளை எங்கெங்கிருந்தோ தள்ளிக்கொண்டு வருவார்கள். அவர் பின்சீட்டு இருந்த இடத்தில் சிலிண்டரை உட்கார வைத்து, தரைக்கு அடியில் செம்புக்குழாய் இழுத்து, கார்புரேட்டர் தலையில் கேஸையும் காற்றையும் கலக்கிற ஒரு மிக்சரைக் கவிழ்த்துவிட்டு, "இனிமே இது நல்ல பிள்ளை" என்பார்.

அவருக்கென்று ஒரு வழக்கம். கேஸ் வண்டியை அவர் சாவியால் நிறுத்தவே மாட்டார். சிலிண்டர் வால்வைக் கையால் மூடிவிட்டு டிரைவர் சீட்டில் போய் உட்கார்வார். குழாயில் இருக்கும் கேஸை இன்ஜின் குடித்துத் தீர்த்து, இருமி, தானாக அடங்கும். அப்புறம்தான் சாவி. நிற்கிற வண்டியின் குழாயில் கேஸ் தங்கினால் வினை என்பது அவர் கட்சி. அந்தக் கடைசி ஓட்டத்துக்கு அவர் வைத்த பெயர் மிச்ச மூச்சு. ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிற நேரம்தான் ஆகும்.

"எலக்ட்ரிக் வால்வு போடுங்க, சாவியைத் திருப்பினா தானா மூடிக்கும், ஒயர் நான் இழுத்துத் தரேன்" என்று அவளும் தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். "கரண்ட் ஒருநாள் வரும், ஒருநாள் வராது. என் கை தினமும் வரும்" என்பார். கரண்ட்டை நம்பாத மனுஷன் போயும் போயும் கரண்ட்காரியைக் கட்டிக்கொண்டானே என்று தெரு சிரிக்கும்.

கடைசிச் சண்டையும் அதில்தான். அன்று சாயங்காலம் அடைமழை. வருஷக்கணக்கில் உதிரியாகத் தேடித்தேடிச் சேர்த்து அவர் தனக்கென்று கட்டிய ஜீப் அது. அதிலும் கைவால்வுதான் என்றார். வாய் வளர்ந்தது. "அப்ப அதையே கட்டிக்கிட்டு அழுங்க. வீட்டுக்கு வரவேண்டாம்!" என்று சொல்லிவிட்டு அவள் குடையை விரித்தாள். அவர் வரவில்லை. வீம்புக்கு அவளும் போய்ப் பார்க்கவில்லை. விடிந்து வந்து ஷட்டரைத் தூக்கினால், டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடியே போயிருந்தார். சாவி அணைக்கப்படாமல் ஆனிலேயே இருந்தது. டேஷ்போர்டில் அவள் ஒயர் இழுத்துக் கொடுத்த கேஸ் முள் பூஜ்யத்தில் கிடந்தது. புகையை வெளியே கொண்டுபோகும் ஹோஸ் சைலன்சரில் இல்லை. சுருட்டி ஆணியில் மாட்டியிருந்தது.

ஊர் வாய்க்கு அதைவிட என்ன வேண்டும்? இன்ஜினோடு பிறந்தவனுக்கு ஷட்டரைப் போட்டுக்கொண்டு ஓட்டினால் என்ன ஆகும் என்று தெரியாதா? ஹோஸைக் கழற்றி நிதானமாக மாட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறானே! அவளும் எத்தனையோ விதமாக யோசித்துவிட்டாள். வால்வை மூடியிருந்தால் இன்ஜின் அப்போதே நின்றிருக்கும். சிலிண்டர் காலியாகும்வரை ஓடியிருக்கிறது என்றால் அவர் மூடவே இல்லை. மூடவே இல்லை என்றால் வீட்டுக்கு வருகிற எண்ணமே இல்லை. எந்தப் பக்கம் போனாலும் அது அவள் சொன்ன சொல்லில்தான் வந்து முட்டியது. மகள் ஒரே ஒரு தடவை கேட்டாள், "அப்பாவுக்கு நம்மளைப் பிடிக்காமப் போச்சாம்மா?" பதில் வராததால் அப்புறம் அவள் எதையுமே கேட்பதில்லை. வெளியூரில் வேலை, வாரத்துக்கு ஒரு போன். சாப்பிட்டியா, சாப்பிட்டேன்.

"வா, நான் பார்க்கிறேன்," என்று கொழுந்தனிடம் சொல்லிவிட்டு எழுந்தாள்.

கொழுந்தன் ஷட்டரை உச்சிவரை தூக்கிவிட்டு, சைலன்சரில் ஹோஸை மாட்டி வெளியே இழுத்துவிட்டான். அண்ணன் போனதிலிருந்து அவன் அதில் ஒருநாளும் தவறியதில்லை. பச்சை பெயிண்ட் உரிந்த இடங்களில் பட்டாளத்து வெள்ளை எண்கள் எட்டிப் பார்த்தன. சீட்டில் அவர் உட்கார்ந்த பள்ளம் அப்படியே இருந்தது. ஸ்டீயரிங்கில் அவள் சுற்றிக் கொடுத்த இன்சுலேஷன் டேப், கட்டைவிரல் படும் இடத்தில் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது.

ஸ்டார்ட் செய்தாள். தகரமெல்லாம் நடுங்க இன்ஜின் எழுந்தது. பின்னால் போய் வால்வைத் தன் கையாலேயே மூடினாள், இதற்குமேல் திரும்பாது என்கிற மட்டும். பிறகு வந்து அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்தாள்.

ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிற நேரம் போயிற்று. ஒரு குடம் தண்ணீரே குடித்திருக்கலாம். இன்ஜின் ஓடியது. ஒருமுறை இருமியது, இதோ நிற்கப்போகிறது என்று நினைத்தாள். கனைத்துக்கொண்டு மறுபடி ஓடியது. அந்தக் கனைப்பு அவளுக்குத் தெரியும். சண்டை போட்ட நாட்களில் வாசலில் செருப்பைக் கழற்றும்போது, உள்ளே வரலாமா என்று கேட்கிற மாதிரி அவர் அப்படித்தான் கனைப்பார்.

"அண்ணி, போதும், சாவியைத் திருப்புங்க." கொழுந்தன் வாசலிலேயே நின்றான், உள்ளே வரவில்லை.

"இருடா. அவர்தான்னா அவராவே இருக்கட்டும். எனக்கு ஒண்ணு கேட்கணும்."

யாரைத் தொடுகிறோம் என்று தெரியாமலே பின்னால் கையை நீட்டினாள். விரலில் பட்டது செம்புக்குழாய். சுரீர் என்று கையை இழுத்துக்கொண்டாள். அந்த வெயிலில் குழாய் சில்லிட்டுக் கிடந்தது. திரும்பிப் பார்த்தாள், வால்விலிருந்து முழ நீளத்துக்கு வெள்ளையாகப் பனி பூத்திருந்தது. எட்டிப் பார்த்த கொழுந்தன் இரண்டடி பின்வாங்கினான். அவளுக்கும் இறங்கி ஓடிவிடலாமா என்றிருந்தது. ஆனால் எத்தனை வருஷம் அந்த மனுஷன் பக்கத்தில் நின்று வேலை செய்தவள்! கேஸ் சின்ன இடுக்கு வழியாகப் பீறினால்தான் குழாய் பனி பிடிக்கும் என்று அவரே காட்டியிருக்கிறார். மூடிய வால்வில் எப்படிப் பீறும்?

இன்ஜினை நிறுத்தினாள்.

"தம்பி, நேத்து நீ கை வைக்கும்போது இந்த வால்வு திறந்திருந்துச்சா, மூடியிருந்துச்சா?"

"மூடித்தான் இருந்துச்சு. நான்தானே திறந்தேன்? கைக்கே வரல அண்ணி, அவ்வளவு இறுக்கம். துணியைச் சுத்தித்தான் திருப்பினேன்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. அதுக்கு முன்னாடி யாரு தொட்டா?"

"யாரு தொடுவா? அன்னைக்கு வந்த போலீஸ்காரங்க முள்ளைப் பார்த்தாங்க, சாவியைத் திருப்பினாங்க. பின்பக்கம் ஒருத்தரும் போகல, நான் கூடவே நின்னேன். அப்புறம் நீங்க தார்ப்பாய் கட்டினீங்க. நீங்க போட்ட முடிச்சை அவிழ்க்க முடியாம நேத்து அறுத்துத்தான்…"

சொல்லிக்கொண்டே அவன் வால்வைத் திரும்பிப் பார்த்தான்.

ஜீப்பை வெட்டவெளியில் நிறுத்தி கேஸ் தீரும்வரை ஓடவிட்டார்கள். பிறகு வால்வைக் கழற்றினான். உள்ளே கேஸை அடைக்கிற ரப்பர் வாஷரில், நகக்கண் அளவுக்கு ஒரு துண்டு பிய்ந்து போயிருந்தது. எவ்வளவு முறுக்கினாலும் இன்ஜின் ஓடுகிற அளவுக்குக் கேஸ் அந்த வழியாகப் போய்க்கொண்டேதான் இருக்கும். அதை உள்ளங்கையில் வைத்து அவள் வெகுநேரம் பார்த்தாள்.

சாரல் உள்ளே அடிக்கிறதே என்று ஷட்டரை இறக்கியிருக்கிறார். வேலை முடிந்தது என்று ஹோஸைக் கழற்றி ஆணியில் மாட்டியிருக்கிறார். வால்வை இறுக்கி மூடியிருக்கிறார். இனி ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிற நேரம்தானே என்று அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்து காதைக் கொடுத்திருக்கிறார். இன்ஜின் புகையில் இருக்கும் அந்த நஞ்சுக்கு வாசனை கிடையாது, அசதி மாதிரிதான் வரும். நாள் முழுக்க உழைத்த உடம்பு, கண் அயர்ந்திருக்கும். வீட்டுக்குக் கிளம்ப அவருக்கு மிச்சமிருந்தது சாவியைத் திருப்புகிற ஒரே ஒரு வேலை.

"பாவி மனுஷா, நான் சொன்ன வால்வைப் போட்டிருக்கக் கூடாதா?" என்று கத்தினாள். கத்தியபடியே ஏறி, அந்த ஸ்டீயரிங்கைக் கட்டிக்கொண்டு அழுதாள். இரண்டு வருஷத்தில் அவள் அழுதது அன்றுதான். கொழுந்தன் தண்ணீர் கொண்டுவந்து பானெட்டின்மேல் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டான்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு மகளுக்குப் போன் போட்டாள். வேலை நேரத்தில் அம்மா ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

"என்னம்மா? யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல. நீ ஒரு தடவை என்கிட்ட ஒண்ணு கேட்டியே, ஞாபகம் இருக்கா?"

அந்தப் பக்கம் நாற்காலியைத் தள்ளிவிட்டு மகள் எழும் சத்தம் கேட்டது.

"உங்கப்பா வீட்டுக்கு வரத்தான்டி கிளம்பிக்கிட்டிருந்தாரு," என்றாள்.