தொடையில் ஒரு கட்டு

என் மனுசன் கனகலிங்கம் தங்கமான மனுசன்தான். ஆனால் ஒரு காரியத்துக்குப் பயந்துவிட்டால் அவரை அசைக்க முடியாது. எனக்கோ மூக்குநுனியில் கோபம். முத்தையன்கட்டுக் கொலனியில் எங்களுக்குக் காணி கிடைத்த இரண்டாம் வருஷம், அறுபத்துநான்கில், இந்த இரண்டு குணமும் ஒரு வீட்டுக்குள் கிடந்து பட்ட பாடு கொஞ்சமல்ல.

காடு வெட்டிய நிலம். உழும்போது கலப்பை ஒரு வேரில் மாட்டி, எருமைகள் இழுத்த இழுப்பில் இவருடைய வலது முழங்கால் திருகிப்போனது. ஆஸ்பத்திரியில் பிளாஸ்டர் போட்டார்கள். அதை வெட்டி எடுத்தபோது தொடை வற்றி என் கைமொத்தத்துக்கு வந்திருந்தது. முழங்கால் ஆறிவிட்டது, இனிப் பாரம் கட்டிக் காலைத் தூக்கித் தசையைத் தேற்றவேண்டும் என்றார் டொக்டர். ஆனால் அப்படித் தூக்கினால் முழங்கால் குத்தியது. இவர் ஊன்றி நடக்க ஒரு பொல்லைப் பிடித்துக்கொண்டார். இந்தக் கால் இனி உதவாது, மாரி விதைப்புக்கு முன் காணியை விட்டுவிட்டு யாழ்ப்பாணத்தில் தமையன் வீட்டோடு போய் இருப்போம் என்றார். தமையன் பெண்சாதியின் குசினியில் சோற்றுக்கு அவள் கையைப் பார்த்துக்கொண்டு நான் நிற்பதா? எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

உடையார்கட்டிலிருந்து மயில்வாகனம் என்ற முறிவு வைத்தியரைக் கூட்டிவந்தேன். முழங்கால் பாரம் தாங்காவிட்டால் பாரத்தைக் குறைப்போம் என்றார் அவர். தொடையின் மேற்பக்கத்தைத் துணியால் கட்டி, கணுக்காலில் சின்ன மணல்பை ஒன்றை மாட்டிக் காலை நீட்டித் தூக்கவேண்டும். இரத்தம் தொடையில் தேங்கி நிற்க, சின்னப் பாரத்துக்கே தசை மூட்டை தூக்கியதுபோல் களைக்குமாம். கால் விறைக்கக்கூடாது, நிறம் மாறக்கூடாது, கொஞ்ச நேரத்தில் அவிழ்த்துவிடவேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

என் பழைய சேலையைக் கிழித்து நான்தான் கட்டுவேன். இவர் கதிரையில் இருந்தபடி காலைத் தூக்குவார். தொடை எரிகிறது என்று முகம் சொல்லும், வாய் சொல்லாது. நான் ஏசிக்கொண்டே காலை உருவிவிடுவேன். நாள் போகப் போகத் தொடையில் தசை திரண்டது. தொட்டுப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இவர் மட்டும் பொல்லை விடவில்லை. கிணற்றடிக்குப் போவதென்றாலும் பொல்லோடுதான்.

ஒருநாள் பின்னேரம் நான் கட்டும்போது இவர் உதட்டைக் கடித்ததைக் கண்டேன். கூடுதலாக இறுக்கிவிட்டேனோ என்று கேட்டதற்கு இல்லையென்றார். இவரிடம் கேட்டு என்ன பயன்? பயிற்சி முடிந்து இவர் கிணற்றடிக்குப் போனதும், நானே முற்றத்தில் குந்தி அந்தத் துணியை என் தொடையில் அதே இறுக்கத்துக்குக் கட்டிக் காலைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். உயிர் போய் வந்தது. இதையா இந்த மனுசன் இத்தனை நாளும் பேசாமல் பொறுத்தது என்று நினைக்கக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

அந்த நேரம் இவர் வந்துவிட்டார். எங்கள் காட்டுப் பக்கத்தில் காலில் துணி கட்டியபடி ஒருத்தி அழுதால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பாம்பு கடித்திருக்கிறது, விஷம் ஏறாமல் கட்டியிருக்கிறாள். பொல்லு எங்கே விழுந்ததோ தெரியாது. நான் வாய் திறக்குமுன் என்னை வாரித் தூக்கிக்கொண்டு பாம்புக்கடிப் பரிசாரி வீட்டுப் பக்கம் நடக்கத் தொடங்கிவிட்டார். நான் ஒன்றும் பூப்போல இருப்பவள் இல்லை. ஒரு மூட்டை நெல்லுக்குக் குறையமாட்டேன்.

வாய்க்கால் வரம்பில் ஏறிய பிறகுதான் எனக்குப் பேச்சு வந்தது.

"இஞ்சாருங்கோ, பாம்பு ஒண்டும் கடிக்கேல்லை. உங்களுக்கு எவ்வளவு நோகுதெண்டு பாக்கத்தான் கட்டினனான்."

அவர் நின்றார். மூச்சு வாங்கியது. குனிந்து தன் கால்களைப் பார்த்தார். இப்போது பயம் வந்துவிடும், என்னை இறக்கிவிடுவார் என்று நினைத்தேன். இறக்கவில்லை. அவருடைய நெஞ்சு என் காதோடு அடித்துக்கொண்டிருந்தது.

"பேசாமல் இரு," என்றார். "வயல்வரைக்கும் போய்ப் பாப்பம், உழவை எந்தப் பக்கத்தால தொடங்கலாமெண்டு."

நான் அவருடைய கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.